இடது கன்னத்து மச்சம்

செலின் வந்த நான்காம் நாள், தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்துகொண்டிருந்த காலையில், அவள் குனிந்து தேநீர் வடிகட்டியபோதுதான் மத்தியாஸ் கவனித்தான். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதமே அவளைத் தூத்துக்குடியில் விட்டுவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறியவன் அவன். பாம்பூஃப்ளாட்டில் கடைகளுக்குப் பலகையும் படகுகளுக்குப் பெயரும் எழுதிப் பிழைத்தான். ஆனால் உயிர் இருந்தது பெண்களை வரைவதில். ஃபெரிப் படகில் கூடையோடு குந்தியிருக்கும் வங்காளப் பெண், ஈரத்தலையோடு தண்ணீர் சுமக்கும் தெலுங்குப் பெண், யாரைப் பார்த்தாலும் பொழுது சாய்வதற்குள் பலகையில் ஏற்றிவிடுவான். மூன்று வருஷத்தில் எல்லா முகமும் மெல்லமெல்லச் செலின் முகமாகத் திரும்பியது. அறுபத்து நான்காம் வருஷ மழையில், ஆளுயர ப்ளைவுட்டில் அவளையே வரைந்தான். கையில் போட்டோ கிடையாது. வலது கன்னம் நிழலில் விழுந்ததால் மச்சத்தை வெளிச்சப் பக்கத்துக்கு மாற்றினான். அவள் வலது கை எத்தனை முறை போட்டும் அமையவில்லை. முந்தானைக்குள் மறைத்துவிட்டான்.

பிறகு வரச்சொல்லிக் கடிதம் போட்டான். அவள் வரவேண்டிய கப்பல் வந்த அன்று துறைமுகக் கூட்டத்தில் அவளைக் காணாமல் தேடி அலைந்து வீடு திரும்பினால், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அவள் இடது கையால் டம்ளரை நீட்டினாள்.

"வலது கையில என்ன செலின்?"

"ஒண்ணுமில்ல. குடிங்க."

அடுப்புப் புகைக்கு அடியில், அவள் சேலையிலிருந்து, காயாத பெயின்ட்டின் நெடி வந்தது.

அவள் கொல்லைப்பக்கம் போன நேரம், சாக்கு மூடிக் கிடந்த படத்தைத் திறந்தான். அவன் வரைந்த கடல் இருந்தது. தென்னை இருந்தது. நடுவே, ஒரு பெண்ணின் அளவுக்கு, வெறும் ப்ளைவுட்.

மறுநாள் கடைத்தெருவில் தபால்காரர் சொக்கலிங்கம் தந்தியை நீட்டினார். "வீட்டுக்காரி கப்பலைத் தவறவிட்டுட்டாங்களாம் தம்பி. அடுத்த ஜஹாஸ்ல வர்றாங்க."

பதினோரு நாள். அவள் பரிமாறியதைத் தின்றான். அவள் பக்கத்தில் படுத்தான். அவள் மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டே கிடந்தான். எங்கே ஓடுவது? சுற்றிலும் கடல்.

கப்பல் வந்தது. வலது கன்னத்தில் மச்சத்தோடு, இரண்டு கையிலும் பையோடு, செலின் இறங்கினாள். காய்ப்பேறிய அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதான்.

"வீட்டுக்கு வேண்டாம். போட் புடிச்சு ரங்கத் ஊருக்குப் போயிருவோம்."

"ஏன்?"

"வீட்ல ஒருத்தி இருக்கா."

அவள் கையை உருவிக்கொண்டாள். "மூணு வருஷம் என்னைக் கூப்பிடாம இருந்தது இதுக்குத்தானா?"

"ஐயோ, அது பொம்பளையே இல்ல செலின். நான் வரைஞ்சது."

"வரைஞ்சவளை நானும் பாக்கணும்."

ஃபெரியில் அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கரை தட்டியதும் யாரிடமோ வீட்டைக் கேட்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறினாள். டிரங்குப் பெட்டியோடு பின்னால் ஓடியவன் சேற்றில் சறுக்கி விழுந்தான். எழுந்தான். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

கதவு சாத்தியிருந்தது.

சண்டைச் சத்தம் இல்லை. அழுகை இல்லை. மழை மட்டும். கதவிடுக்கில், பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் நெடி.

தள்ளினான்.

பாயில் இரண்டு பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி தலை. மேலே இருந்தவள் நனைந்த துணியால் கீழே கிடந்த முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக. குழந்தைக்குத் துடைப்பதுபோல. துடைத்த இடத்தில் கண் இல்லை. மூக்கு இல்லை. வழவழவென்று தோல்.

வாய் மட்டும் இன்னும் இருந்தது.

"என்னங்க" என்றது.

துணி அதன் மேல் போயிற்று.

முகமில்லாத தலை அவன் நின்ற பக்கம் திரும்பியது. காய்ப்பேறிய இரண்டு கைகள் காற்றைத் துழாவி அவனைத் தேடின.