கயிறு தொங்கினால் பயமில்லை!

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் புஷ்பவல்லி எடுத்தாள். எமரால்டு ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு குரல் நடுங்கியது.

"அம்மா... வாட்ச்மேன் சில்வஸ்டர் செத்துக் கெடக்கறாருங்க! மேட்டுல மண்ணு வெடிச்சிருக்கற எடத்துக்கிட்ட!"

ஜீப் திணறித் திணறி ஏறியது.

விடாத மழை. மேட்டில் மூடுபனி. சரிவுக்குக் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள், குழந்தை குட்டிகளோடு!

சில்வஸ்டர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

உடன் வந்த தொழிலாளர் சங்கத் தலைவர் லிங்கசாமி உச்சுக் கொட்டினார். "கால் வழுக்கியிருக்கும்ங்க. பாவம்."

"குப்புற விழுந்தவருக்குப் பின்னாடி எப்படிங்க அடிபடும்?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இவருக்கு இங்கே என்ன வேலை?"

"வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் முளை அடிச்சுக் கயிறு கட்டியிருக்குதுங்க. மண்ணு நகந்தா கயிறு விறைக்கும். உடனே இவரு இங்கிருக்கற கை சைரனைச் சுத்தி எங்களையெல்லாம் வெளியேத்தோணும். ஆனா இப்ப பயமில்லீங்க. கயிறு தொங்கிட்டுத்தான் இருக்குது."

புஷ்பவல்லி பனியை வெறித்தாள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"நீங்க என்கூடத்தான் வந்தீங்க. இன்னும் கயித்துக்கிட்டயே போகல. தொங்குதுன்னு எப்படிங்க தெரியும்?"

லிங்கசாமியின் முகம் வெளுத்தது.

அவள் வெடிப்பருகே ஓடினாள். கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது... நடுவில் ஒரு புதுத் துண்டை ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தது! கீழே வெடிப்பு ஆளை விழுங்கும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

அவள் திரும்பிக் கத்தினாள்.

"ஏகநாதன்! விலங்கு மாட்டுங்க!"

கான்ஸ்டபிள் ஏகநாதன் பாய்ந்தார். லிங்கசாமி திமிறவில்லை.

"போன மழைக்கு சைரன் அடிச்சாங்கம்மா. மேல் லைன் சனம் ஸ்கூலுக்கு ஓடுச்சு. திரும்பி வந்து பாத்தா மானேஜர் ஆளுக ஊட்டையெல்லாம் இடிச்சுப் போட்டாங்க! இன்னிக்கு வரைக்கும் ஒரு ஊடு குடுக்கல. நேத்து சில்வஸ்டர் மறுபடியும் சைரனைத் தொட்டான்... தடுத்தேன். கையில மம்பட்டி இருந்துச்சு..."

"கயித்தை நீட்டினா மலை நிக்குமாய்யா?"

காலுக்கடியில் மண் முனகியது.

புஷ்பவல்லி சைரனைப் பிடித்துச் சுழற்றினாள். பள்ளத்தாக்கே அலறியது!

காற்றில் பனி சற்றே விலகியது. கீழே வரிசையாக வீடுகள். ஒரு கதவு... ஒரே ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

"ஏன் யாரும் வரல?"

லிங்கசாமி மண்டியிட்டார். "நான்தான் சொல்லி வெச்சேன்... சைரன் அடிச்சா உள்ளே தாழ் போட்டு உக்காருங்க, ஊட்டை உட்டு வந்தா ஊடு போச்சுன்னு. ஐயோ! என் சம்சாரமும் அங்கதான் இருக்கறா!"

அவள் அவருடைய செல்போனைப் பிடுங்கி, அவர் சொன்ன எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விலங்கிட்ட கையில் கொடுத்தாள்.

"மருதாம்பா! வெளிய வாடி! எல்லாத்தையும் கூட்டிட்டு ஓடு! மலை இறங்குது!"

மறுமுனையில் மருதாம்பாள் சிரித்தாள்.

"ஏனுங்க, நல்லா நடிக்கறீங்க. மானேஜர் ஆளுக பக்கத்துல இருக்கறாங்களா? அவங்க மிரட்டி உங்களையே பேச வெச்சாலும் வரக்கூடாதுன்னு நேத்து நீங்கதானுங்களே சொன்னீங்க? பயப்படாதீங்க. பெரிய தாழாப் போட்டுட்டேன்."

"அடியே, இது நெசம்டி...!"

வெடிப்புக்குக் கீழே மலை நகர்ந்தது.

தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே வழுக்கிக்கொண்டு போயின. சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கீழே சிவப்புச் சேறு மட்டும் இருந்தது.

புஷ்பவல்லியின் கை மறுபடியும் சைரன் பிடியைப் பற்றியிருந்தது. லிங்கசாமி இன்னும் போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் போனை வாங்கி அணைத்தாள்.

"நல்ல தலைவருங்க நீங்க," என்றாள். "ஒருத்தர்கூட உங்க பேச்சை மீறல."