சோபாவின் வலது ஓரம்

குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்தியிருந்தது.

காலையில் பல் தேய்க்க நின்றவனுக்கு என்ன குறைகிறது என்று முதலில் பிடிபடவில்லை. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தான். காணாமல் போனது முடிதானோ என்று நினைத்து, அது போய் நாளாயிற்றே என்று சமாதானமாகி, அப்புறம்தான் காதில் உறைத்தது. மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே வாளிக்குள் டப், டப் என்று விழுந்துகொண்டிருந்த சத்தத்தைக் காணோம். குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. யாரோ ஈரத்துணியால் துடைத்த வாசனையும், அதற்கடியில் மெல்லிதாக, விலை கூடின ஷேவிங் லோஷனின் வாசனையும் வந்தது. கன்னத்தில் வெட்டிக்கொண்டால் சோப்பைத் தடவிவிட்டு நடக்கிறவன் அவன். அந்த வீட்டில் லோஷன் கிடையாது.

“பரவாயில்லையே,” என்றாள் மனைவி, கதவில் சாய்ந்து. “ஒருவழியா மனசு வந்துதா?”

அவள் அவனை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. ஆனால் அந்தப் பார்வை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது.

“வாஷர்தான் போயிருந்தது,” என்றான். “சின்ன வேலை.”

வீட்டில் அவனுக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். மைத்துனன் வைத்தது. போன் செய்தால், “நாளைக்கு மச்சான் எப்படி இருக்காரு?” என்றுதான் கேட்பான். குழாய், கீச்சிடும் வாசல் கதவு, அலமாரிக் கதவு, கால் வைத்தால் ஆடும் தரை ஓடு என்று எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியே மகளைப் பள்ளிக்கூடம் போகும் அளவுக்கு வளர்த்துவிட்டான். மனைவிக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து, வீட்டை விற்றே ஆகவேண்டும் என்று வந்தபோதுதான் அந்த நாளைக்குகள் எல்லாம் ஒன்றுகூடி வாசலில் நின்றன.

குழாய் நிற்பதற்குச் சில நாள் முன்பு, விலை குறிக்க வந்த தரகர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியும்ல சார்?” என்றார்.

தெரியும். தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஒரே மேஸ்திரி கட்டிய, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரட்டை வீடுகள் அவை.

“எங்களுக்கும் அதே விலை வராதா?”

“வராது சார். வர்றவங்க குழாய் சொட்டுறதைக் கேப்பாங்க, மனசுக்குள்ள கொஞ்சம் கழிப்பாங்க. அலமாரி கீச்சுங்கும், இன்னும் கொஞ்சம் கழிப்பாங்க. சோபாவோட வலது ஓரத்துல ஒரு குழி இருக்கே…”

“அது என் இடம்.”

“அதான் சார். அதுக்கும் கழிப்பாங்க.”

மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தரகர் சுவரிலிருந்த குடும்பப் படங்களையெல்லாம் இறக்கி அட்டைப்பெட்டியில் போட்டார். “உங்க முகத்தைப் பாத்தா இது உங்க வீடுன்னு தோணிடும் சார். அவங்க வீடுன்னு தோணணும்.” அந்த ஆணியில் தான் கொண்டுவந்த படத்தை மாட்டினார். ஒரு சோபாவில் ஓர் ஆள், மனைவி, சின்னப் பெண். வலது ஓரத்தில் ஆள். மனைவியின் கை அவன் தோளில்.

“யாரு இவங்க?”

“யாருமில்ல சார். பக்கத்து வீட்டையும் இவங்கதான் வித்துக்குடுத்தாங்க.” தரகர் படத்தை நேராக்கினார். “இன்னொண்ணு. ஆளுங்க பாக்க வர்றப்ப நீங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க கூடவே நின்னா விலை இறங்கும்.”

அன்று சாயங்காலம் மனைவி அந்தப் படத்தின் கண்ணாடியை விரல் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு முடி பாருங்க இவருக்கு.”

“விக்,” என்றான் அவன்.

அவனுடைய மூக்குக்கண்ணாடியை அவள் ஒருநாளும் அவ்வளவு பொறுமையாகத் துடைத்ததில்லை. காகிதத்தில் அச்சடித்த ஓர் ஆளைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று அவனுக்கே சிரிப்பாக இருந்தது. சிரித்துவிட்டு, தலையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

வீடு பார்க்க ஆட்கள் வரும் மாலைகளில் மூவரும் எதிர்ச்சாரியிலிருந்த பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் ஜன்னல்களில் வேற்று நிழல்கள் அறை அறையாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பார்த்துவிட்டு வந்த வயதான தம்பதி பேருந்துக்காக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மனைவியும் மகளும் பக்கத்துக் கடையில் பென்சில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்களும் வீடு பாக்கவா?” என்றார் பெரியவர். “போய்ப் பாருங்க. ரொம்பப் பொறுமையாக் காட்டுறார்.”

“தரகரா?”

“அவர் வாசல்லயே போன் பேசிட்டிருந்தார். உள்ள இருக்கிற சார். கையில ஸ்க்ரூடிரைவரோட.” பெரியவர் தன் மனைவியைப் பார்த்தார். “இப்படியும் ஒரு ஆம்பளை இருக்கானான்னு இவ வழியெல்லாம் என்னைத் திட்டிட்டு வர்றா.”

அன்றிரவு அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஆடும் ஓடு ஆடவில்லை. “அப்பா, சைக்கிள் பெல் சூப்பரா அடிக்குது, தேங்க்ஸ்,” என்று மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “ம்,” என்றான். மறுநாள் தரகர் வந்து பார்த்து விலையை ஏற்றிவிட்டுப் போனார். மனைவி அவனுக்குப் பிடித்த மாதிரி கெட்டியாக டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீ யாருக்குச் சேரவேண்டியது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் குடித்தான்.

பொறுக்கவில்லை. எல்லோரும் படுத்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக் குழாயைத் தானே கெடுத்தான். டப். டப். விலை இறங்கினால் இறங்கட்டும். சொந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டவன் போல அந்தச் சத்தத்தில் அயர்ந்து தூங்கினான்.

காலையில் குழாய் காய்ந்திருந்தது. ஸ்பேனர் துடைக்கப்பட்டு ஆணியில் தொங்கியது. அதற்கென்று ஓர் ஆணி இருப்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

சோபாவில் தன் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். குழி இருந்தது. ஆனால் அவன் உடம்புக்கு அது பொருந்தவில்லை. இன்னும் அகலமான தோள் ஒன்று சாய்ந்து சாய்ந்து பழக்கின குழி. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றிரவு படுக்கையில் மனைவியின் பக்கம் திரும்பினான். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் குழாய், அலமாரி…”

“நாளைக்குச் சொல்லுங்க,” என்றாள் அவள், தூக்கத்தில்.

மறுநாள் மழை. மகளுக்கு லேசாகக் காய்ச்சல். “இவளை எப்படி வெளிய கூட்டிட்டுப் போறது? நாங்க உள் ரூம்ல இருந்துக்கறோம். நீங்க மட்டும் போய் உக்காருங்க,” என்றாள் மனைவி.

“நானும் இருக்கேனே.”

“தரகர்தான் கூடாதுன்னு சொல்லியிருக்காரே. இன்னிக்கு வர்றவங்க பக்கத்து வீட்டு விலையே தர்றாங்களாம்.”

பக்கத்து வீட்டு விலை. அவன் குடையை எடுத்துக்கொண்டான்.

பெஞ்ச் நனைந்திருந்தது. கூரைத் தகரத்தில் மழை பொரிந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கார் கிளம்பியது. எழுந்தான். அப்போது உள் அறை விளக்கு அணைந்து கூடத்து விளக்கு எரிந்தது. திரைச்சீலையில் மனைவியின் நிழல். மகளின் நிழல். இன்னொரு நிழல்.

தலை நிறைய முடி.

பிறகு அவள் சிரித்தாள். மழையைத் தாண்டிக் கேட்டது. கல்யாணமான புதிதில், அவன் சொன்ன அசட்டு ஜோக்குகளுக்கெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தான். தீரவில்லை. எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.

ஓடினான். குடை எங்கோ போனது.

வாசலில் தரகர் ‘விற்பனைக்கு’ பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் தன் குடையை அவன் தலைக்கு மேல் நீட்டினார். வாங்க வருகிறவர்களிடம் காட்டுகிற மரியாதை.

“வீடு பாக்க வந்தீங்களா சார்? கொஞ்சம் லேட். அவங்க விக்கலையாம். இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச வீட்டை விட மனசு வரலைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க.”

“யோவ், நான்தான்யா…”

“வேணும்னா சும்மா உள்ள பாருங்க சார். நல்ல மனுஷங்க.”

வாசல் கதவு கீச்சிடவில்லை.

லோஷன் வாசனை. சூடான டீ வாசனை. மனைவி சமையலறை வாசலில் நின்றாள். அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். முன்பின் தெரியாதவர்களுக்கென்று அவள் வைத்திருக்கும் புன்னகை.

“வாங்க. நனைஞ்சுட்டீங்களே.”

“குட்டி,” என்றான் அவன்.

மகள் பயந்துபோய் அந்த ஆளின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆள் முதுகைக் காட்டி நின்று துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான். அகலமான தோள். பிறகு, இவன் பெற்ற பிள்ளையின் தலையில் அந்த ஆளின் ஈரமில்லாத, சுத்தமான விரல்கள் படிந்தன.

“அந்த லைட் மினுக்குது பாருங்க,” என்றாள் மனைவி. அவனிடமல்ல.

“இப்பவே பாத்துடறேன்,” என்றது குரல்.

விளக்கு மினுங்கியது. அணைந்தது. எரிந்தது. அவன் சுவரைப் பார்த்தான்.

படத்தில் அந்தப் பெண் இருந்தாள். சிறுமி இருந்தாள். சோபாவின் வலது ஓரம் காலி. அங்கே ஒரு குழி. அவனுக்குத் தெரிந்த குழி. அவன் உடம்பு, இத்தனை வருஷம், அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து செய்த குழி.

சிறுமி கால்களை ஒதுக்கி வழி விட்டிருந்தாள். இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் கை தோளைத் தேடி இறங்கி, குழியை மெதுவாக ஒருமுறை தட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் தூசி எழுந்தது.