மூச்சறைக்கு வராத குவளைகள்

காலை ஆறு மணிக்கு நிலவுக் குடியிருப்பின் ஏழாம் வரிசையில், நாற்பது வீடுகளிலும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். காபிக் குவளையின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தும் சத்தம். உள்ளே நீர்ப்பை உடைந்து, அடித்தட்டில் இருக்கும் சுட்ட சுண்ணாம்பில் நீர் இறங்கும். சுண்ணாம்பு நீறிச் சூடேற, மூன்று நிமிடத்தில் மேல்தட்டுக் காபியில் ஆவி பறக்கும். நெருப்பு மூட்டுவது அங்கே குற்றம்.

குடித்ததும் குவளையைத் திருப்பித் தர வேண்டும். நீறிய சுண்ணாம்பு, மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சறையில் குவளைகளின் அடியை உடைத்து, அந்தச் சுண்ணாம்பின் வழியாகத்தான் வரிசையின் காற்றைச் செலுத்துவார்கள். பிறகு அது சூளைக்குப் போய்ச் சுட்ட சுண்ணாம்பாகத் திரும்பும். குவளைகள் வராவிட்டால் காற்று கெடும்.

மூச்சறைப் பொறுப்பாளர் தணிகாசலத்துக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கெட்ட காற்றில்தான் அவர் மனைவி மரகதவல்லி இரண்டு மாதத்துக்கு முன் மூச்சுத் திணறிப் போய்ச்சேர்ந்தாள். இன்று மாலைக்குள் போதிய குவளைகள் சேராவிட்டால் வரிசையையே பூட்டி, குடும்பங்களை வெவ்வேறு குடியிருப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். சுண்ணாம்பை மோந்து கண்டுபிடிக்கும் ‘மோப்பி’ இயந்திரத்துடன் அவர் வீடு வீடாக ஏறினார்.

“எங்க வீட்ல ஒண்ணுமில்லண்ணே,” என்றாள் பிலோமினா. மோப்பி அவளைத் தாண்டி அடுக்களையில் போய் நின்றது. அலமாரியில் பன்னிரண்டு குவளைகள், மூடி போட்டு.

“இதென்ன?”

“துவரம்பருப்பு. எவ்வளவு கெட்டியான டப்பா! காத்துகூட உள்ள போகாது. இதைப் போய் உடைக்க மனசு வருதாண்ணே?”

“பருப்புக்கு மட்டுமில்லம்மா, உனக்கும் காத்து போகாது. பரவால்லியா?”

“கோவிச்சுக்காதீங்க. எதிர்வீட்டு எசக்கியம்மா முப்பது வச்சிருக்கா. அவகிட்ட இப்படிச் சத்தம் போடுங்க பாப்போம்.”

“உங்களாலதான் என் பொண்டாட்டி செத்தா!”

பிலோமினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பருப்பை ஒரு துணியில் கொட்டத் தொடங்கினாள்.

மாலைவரை ஏறி இறங்கியும் நாற்பது குவளைகள் குறைந்தன. விதிப்படி தன் வீட்டையும் சோதிக்கவேண்டும் என்பதால் கதவைத் திறந்துவிட்டார். மரகதவல்லி போனதிலிருந்து பொது உணவறையில்தான் சாப்பாடு. அடுக்களைப் பக்கம் அவர் போனதேயில்லை.

மோப்பி அங்கேதான் போய் நின்றது. சிவப்பாக ஒளிர்ந்தது.

அலமாரியைத் திறந்தார். மூன்று தட்டுகளிலும் குவளைகள். ஒவ்வொன்றிலும் அவளுடைய சாய்ந்த கையெழுத்து: கடுகு, வெந்தயம், சுக்கு. ஒன்றில், ‘டப்பா மூடிகள்’. பின்வரிசையில் இருந்தவை காலி. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“அறுபத்தொரு குவளைகள்,” என்றது மோப்பி. “இவை போதும். வரிசையைப் பூட்ட வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளலாமா?”

தணிகாசலம் வெந்தயத்தை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்து, திரும்ப இறுக்கி மூடினார். இருந்த இடத்திலேயே வைத்தார்.

“குவளையா? எங்க இருக்கு குவளை?” என்று இயந்திரத்தின் மேல் எரிந்து விழுந்தார். “இதெல்லாம் சாமான் போட்டு வச்சிருக்கிற டப்பா. போ, அடுத்த வீட்டைப் பாரு.”