காலம் தொடாத மனிதர்

காலை மணி 9.42. கண்காட்சிக் கூடத்தின் பின்னறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. ஏணியில் நின்று கடைசிப் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த பிரேம்கார அக்காவின் கட்டைவிரலில் சுத்தியல் விழுந்தது. வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி ஓடினாள்.

பின்னறை அவளுடையது. கண்ணாடி வெட்டும் மேசை, மூலையில் சாய்த்துவைத்த மரச்சட்டங்கள், பசை டப்பாக்கள், சுவரோரம் பைகளை வைக்க ஒரு நீள பெஞ்சு. அந்த பெஞ்சு பக்கத்தில் சுருட்டை நின்றாள். புகைப்படக்காரி, தலைமுடியால் வந்த பெயர். கையில் கேமரா இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"என் மெமரி கார்டு போச்சுக்கா. உள்ள இருக்கறது என்னுது இல்ல."

"உன்னுது இல்லன்னு எப்படித் தெரியும்?"

"என் கார்டுல சிவப்பு நெயில் பாலிஷ்ல பொட்டு வெச்சிருப்பேன். இதுல இல்ல. இது வெறும் கார்டு, ஒரு படம்கூட இல்ல. மூணு நாள் எடுத்ததுக்கா. அறுநூத்துப் பன்னிரண்டு படம்."

"வேற எங்கயாவது காப்பி?"

"லேப்டாப் வழியிலயே படுத்துடுச்சு. ஊருக்குப் போய்ப் பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

அக்காவுக்குப் பயம் வந்தது. அறை அவள் பொறுப்பு, சாவி அவள் இடுப்பில். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பயத்துக்குக் கீழே ஒரு சின்னத் துள்ளலும் இருந்தது. பதினெட்டு வருஷமாக அடுத்தவர் படங்களை உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முதல் தடவையாக உருப்படியான வேலை வந்திருக்கிறது.

அது பயணப் புகைப்படக்காரர்களின் போட்டி. கிராமத்து மனிதர்கள், அவர்களுடைய கைவேலை, வாழ்க்கை முறை. இருபது படங்கள் தேர்வாகியிருந்தன. பதினொரு மணிக்கு முடிவு. முதல் பரிசு வாங்குகிறவருடைய படங்கள் புத்தகமாக வரும். ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றலாம், செலவு அமைப்பாளர்களுடையது. வாசலில் ஆள் உயரப் பலகையில் ஒரே ஒரு விதிதான் எழுதியிருந்தது. படமெடுக்கும் இடத்தில் எதையும் மாற்றக்கூடாது, யாரையும் வேஷம் கட்ட வைக்கக்கூடாது. மீறினால் போட்டியிலிருந்து நீக்கம்.

பரிசு யாருக்கு என்பதில் கூடத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் மூத்த புகைப்படக்காரர் எடுத்த படம் அது. இடுப்பில் ஒரு கந்தல் துணியோடு, புகை மூட்டத்துக்கு நடுவில், ஒரு கூடைக்காரர் பிரம்பை வளைத்துக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் விழும் வெயில் அவருடைய கைகளில் மட்டும் நிற்கிறது. தலைப்பு, 'காலம் தொடாத மனிதர்.' காலையில் அதற்குக் கண்ணாடி போடும்போது இடது மணிக்கட்டுப் பக்கம் வெளுப்பாக ஏதோ தெரிகிறதே என்று அக்கா இரண்டு தடவை துடைத்தாள். போகவில்லை. அச்சில் வந்த குறை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மணி 9.55. இரண்டு தெரு தள்ளியிருந்த நிலையத்திலிருந்து எஸ்.ஐ. வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான். பொறுமைதான் கொஞ்சம் மட்டு.

"பையை எப்ப வெச்சீங்க?"

"ஒன்பது மணிக்கு."

"எப்ப பார்த்தீங்க?"

"ஒன்பது நாப்பதுக்கு. கூடைக்கார அண்ணன் வந்திருந்தார். அவர் ஊர்ல நானும்தான் மாஸ்டரோட போய்ப் படமெடுத்தேன். அவரை எடுத்ததை அவர்கிட்ட காட்டலாம்னு கேமராவ ஆன் பண்ணேன். இல்லன்னா பத்தே முக்காலுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

"அது என்ன பத்தே முக்கால்?"

"முடிவு சொல்றதுக்கு முன்னாடி பெரிய திரையில என் படங்கள ஓட்டறதா இருந்தேன் சார். எல்லாரும் எப்படி வேலை பார்த்தாங்கன்னு, சும்மா ஜாலிக்கு. காலைல டீ குடிக்கறப்பதான் மாஸ்டர்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் சொன்னேன்."

"அந்த நேரத்துல அறைக்குள்ள யார் யார் போனாங்க?"

இதற்குக் கூடத்தின் மேனேஜர் பதில் சொன்னார். கேட்காததற்கும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். "நான் ஒருவாட்டி மைக் வயர் எடுக்கப் போனேன். மாஸ்டர் லென்ஸ் துடைக்கப் போனார், அவர் பையும் அதே பெஞ்சுலதான் இருக்கு. அப்புறம் அந்தக் கூடைக்காரர். ஒன்பது இருபத்தஞ்சுக்கு நான் எட்டிப் பார்க்கறேன், பைங்க மேல குனிஞ்சுக்கிட்டு நிக்கறார். என்னைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு அவருக்கு. இன்னொண்ணு சார். வந்ததும் வராததுமா மாஸ்டர் படத்தைப் பார்த்துட்டு, இத கழட்டிடுங்கன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தார்."

"வாய்விட்டுக் கேட்டேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சண்டை எல்லாம் போடல."

கூடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் கைபேசி. சொந்த மோட்டார் பைக்கில் எண்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று ஓட்டல்களுக்குப் பிரம்பு நாற்காலி கொடுக்கிறவர். படத்தில் இருக்கிறவரும் இவரும் ஒரே ஆள் என்று சொன்னால்தான் தெரியும்.

"படத்தை ஏன் கழட்டச் சொன்னீங்க?" என்றார் எஸ்.ஐ.

"என் பொண்ணு பார்த்தா அழுவா சார். நான் அப்படி இல்ல."

"பைகிட்ட என்ன பண்ணீங்க?"

கூடைக்காரர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கறேன்ல."

"நான் எதையும் எடுக்கல சார்."

"அப்ப எதுக்குப் போனீங்க?"

கூடைக்காரர் சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். அதற்குள் கூடத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். எஸ்.ஐ. குரலை உயர்த்தினார். "படம் பிடிக்கல, அதனால கார்டைத் திருடிட்டீங்க. அவ்வளவுதானே? ஜீப் பதினோரு மணிக்கு வரும். நிலையத்துல வந்து சொல்லுங்க." நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அதைப் பார்த்த கூடைக்காரரின் முகம் செத்துப்போனது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேராக எஸ்.ஐ.யிடம் போனாள்.

"சார், இதுல ஒண்ணு இடிக்குது. அவருக்குப் பிடிக்காத படம் அதோ சுவர்ல தொங்குது. மாஸ்டர் எடுத்தது. இந்தப் பொண்ணோட கார்டை எடுத்தா அது எப்படிக் கழண்டு வரும்?"

"ஆத்திரத்துல எடுத்திருப்பார்."

"ஆத்திரத்துல எடுக்கறவர் பதிலுக்கு ஒரு காலி கார்டை வெச்சு மூடிட்டுப் போவாரா?"

எஸ்.ஐ. அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு என்ன வேணும்?"

"பதினோரு மணி வரைக்கும் நேரம் குடுங்க."

"கார்டு மாத்தற அளவுக்கு அவருக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத."

"நான் ஏன் சொல்றேன்? என்னைவிட நல்லாத் தெரியும்போல," என்றாள் அக்கா. கூடைக்காரர் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மணி 10.28. அக்கா படங்களுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மனசுக்குள் கணக்கு ஓடியது. கேமரா விலை உயர்ந்தது, அதைத் தொடவில்லை. லென்ஸைத் தொடவில்லை. ஆகவே திருடனுக்கு வேண்டியது படங்கள்தான், அல்லது அந்தப் படங்களை யாரும் பார்க்காமல் இருப்பது. காலி கார்டு எதற்கு? பத்தே முக்காலுக்குத் திரையில் ஒன்றும் வராதபோது, சுருட்டை தானே தப்பாக அழித்துவிட்டோம் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த அமளியில் முடிவும் சொல்லியாகிவிடும். பொட்டு வைக்கும் பழக்கம் மட்டும் திருடனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியானால் அந்தப் படங்களில் முடிவையே மாற்றக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது.

அவள் கால்கள் தாமாகவே 'காலம் தொடாத மனிதர்' முன்னால் நின்றன. அதே வெளுப்பு. எச்சில் தொட்டுக் கண்ணாடியைத் தேய்த்தாள், போகவில்லை. மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். கறுத்துக் காய்ந்த கையில், மணிக்கட்டைச் சுற்றி, ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த தோல். நடுவில் வட்டமாக இன்னும் வெளுப்பு. அச்சுக் குறை இவ்வளவு ஒழுங்காக வளைந்து போகாது.

பொறி தட்டியது. ஓடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

"அண்ணே, இடது கைய கொஞ்சம் காட்டுங்க."

கூடைக்காரர் தயங்கினார். பிறகு சட்டைக் கையை மெதுவாக ஏற்றினார். அதே வெளுப்பு, அதே வட்டம்.

"வாட்ச் எங்கண்ணே?"

கூடைக்காரர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். "என் பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. படமெடுக்கறப்ப கழட்டச் சொன்னார். சட்டையையும்தான். அந்தக் கந்தல் துணிகூட அவர் கொண்டுவந்தது. கழட்டி அவர் கையில குடுத்தேன். மறந்துட்டார்போல."

"இத ஏன் எஸ்.ஐ. கேட்டப்ப சொல்லல?"

"என் வீட்ல உக்காந்து சாப்பிட்ட மனுஷன்மா. நாலு பேர் முன்னாடி அவரைத் திருடன்னு எப்படிச் சொல்றது? தவறிப்போய் பையில கிடக்கும், சத்தமில்லாம எடுத்துக்கலாம்னு போனேன். குனிஞ்சதும் வெட்கமாயிடுச்சு. தொடவே இல்ல."

அடுத்தவர் மானத்துக்காக இந்த மனிதர் தன் மானத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அக்காவுக்குக் கோபம் வந்தது, அவர் மேலும் சேர்த்து.

மணி 10.51. மேடையில் நடுவர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. முன்வரிசையில் மாஸ்டர், கழுத்தில் கேமராவோடு, மலர்ந்த முகத்தோடு இருந்தார். அக்கா எஸ்.ஐ.யின் காதில் நாலு வார்த்தை போட்டுவிட்டு மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"மாஸ்டர், ஒரு ஆசை. எங்க எல்லாரையும் ஒரு படம் எடுங்களேன்."

"இப்பவா? அப்புறம் பார்க்கலாம்மா."

"ஒரே ஒரு கிளிக்."

"பேட்டரி தீர்ந்துடுச்சு."

"குடுங்க பார்க்கலாம்," என்று கையை நீட்டினார் எஸ்.ஐ.

மாஸ்டரின் கை கேமராவை இறுக்கிப் பிடித்தது. நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடி தளர்ந்தது. எஸ்.ஐ. விசையைத் தட்டினார். பேட்டரி முக்கால்வாசி இருந்தது. கார்டு மூடியைத் திறந்தார். கார்டின் ஓரத்தில், கடுகு அளவில், சிவப்புப் பொட்டு.

சுருட்டை தாவி வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது, இதுலதான் இருக்கும்னு?" என்றார் எஸ்.ஐ.

"வேற யாராவது எடுத்திருந்தா உடைச்சுச் சாக்கடைல போட்டிருப்பாங்க சார். ஒரு படக்காரருக்கு அறுநூறு படத்தை அழிக்க மனசு வராது. எங்கயாவது பத்திரமா வெச்சிருப்பார். கார்டை ஒளிச்சுவைக்க கேமராவைவிட நல்ல இடம் எது? உள்ள போன மூணு பேர்ல காலி கார்டைக் கையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறவரும் அவர்தான்."

பிறகு சுவரைக் காட்டினாள். "அந்த மணிக்கட்டைப் பாருங்க. வருஷக்கணக்கா வாட்ச் கட்டின தடம். காலம் தொடாத மனிதராம். மாஸ்டர், மூணு நாளா அந்தக் கைமேல விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தீங்க. கையைப் பார்க்கவே இல்ல."

சுருட்டை அதற்குள் கார்டைத் தன் கேமராவில் போட்டுத் திரையோடு இணைத்துவிட்டாள். அவள் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத படங்கள் ஒவ்வொன்றாக ஓடின, முந்நூற்று நாற்பதாவது படம் சுவரளவுக்கு விரிந்து நின்றது. கூடைக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் ஒரு கையில் கந்தல் துணியை வைத்துக்கொண்டு, மறு கையால் அவருடைய வாட்சின் வாரை அவிழ்க்கிறார். பின்னால் சின்ன அடுப்பில் ஈர வைக்கோல் புகைகிறது.

நாற்பது தலைகளும் திரையிலிருந்து மாஸ்டர் பக்கம் திரும்பின.

"இந்தப் பொண்ணு திரையில போடப் போறேன்னதும் பதறிட்டேன்," என்றார் மாஸ்டர். குரல் கம்மியிருந்தது. "சாயங்காலம் திருப்பி வெச்சிடலாம்னு இருந்தேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் வராதுன்னு நினைச்சேன்."

"இவரை நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நான் சத்தம் போட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் எஸ்.ஐ.

"இங்கதான்."

எஸ்.ஐ. மாஸ்டரின் பையைக் கொண்டுவரச் சொல்லித் திறந்தார். அதன் பக்கவாட்டு அறையில், லென்ஸ் துடைக்கும் துணிக்குள், வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலைமை நடுவர் எழுந்து வந்து தன் கையாலேயே படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார்.

மணி பதினொன்று. வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. எஸ்.ஐ. கூடைக்காரரின் தோளைத் தொட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "தப்பா நினைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க கிளம்பலாம்."

கூடைக்காரர் கிளம்பவில்லை.

"சார், நாப்பது பேர் முன்னாடி கேட்டீங்க. அப்ப குரல் நல்லா கணீர்னு இருந்துச்சு."

எஸ்.ஐ.யின் காது மடல் சிவந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, மேடையேறி, நடுவருக்காக வைத்திருந்த மைக்கைப் பிடித்தார்.

"இவர் எதையும் எடுக்கல," என்றார், கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "இவர்கிட்டேருந்துதான் எடுத்திருக்காங்க. எடுத்தது யாருன்னு தெரிஞ்சும், அவர் பேரு கெடக்கூடாதுன்னு இவர் வாயத் திறக்கல. நான் இவரைத் திருடன்னு சொன்னேன். அது என் தப்பு."

பையை மார்போடு அணைத்திருந்தவர்தான் முதலில் எழுந்து நின்று, தன் நாற்காலியைக் கூடைக்காரருக்கு இழுத்துப் போட்டார்.