இரட்டை நாற்காலி

கொங்கு நாட்டில் இதுவரை பிறந்தவர்களில் தன் மனத்தை முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவன் தான் ஒருவனே என்று மெல்வின் அறிவித்தபோது, மறுத்துப் பேச அந்த அறையில் யாருக்கும் தெம்பில்லை. கோவை ஆர்.எஸ்.புரத்து மருத்துவமனை மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஆறு பேரும் பத்து நாட்களாக மோரும் வடிகட்டிய சூப்பும் மட்டுமே குடித்துவந்தவர்கள். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் முன் ஈரல் சுருங்க வேண்டுமாம். ஈரலோடு மனசும் தயாராக வேண்டும் என்பது கவுன்சலர் ரித்திகாவின் கட்சி. அதற்காகப் போன வாரமே வீட்டுப்பாடம் கொடுத்திருந்தாள். ஒரு காலி நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார வேண்டும். இத்தனை வருடம் தனக்குள் இருந்து தின்றுதீர்த்த ஆள் அதில் இருப்பதாக நினைத்துப் பேசி, விடை கொடுக்க வேண்டும்.

"நான் பேசுனேனுங்க மேடம்." பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி மாசாணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசம் கூடவே இருந்தயேப்பா, போயிட்டு வான்னு சொன்னனுங்க. அழுகாச்சி வந்துபோச்சுங்க."

"நாற்காலி என்னங்க சொல்லுச்சு?" என்றான் மெல்வின்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க தம்பி. எந்திரிச்சுப் போயிருச்சுங்க."

மெல்வின் மட்டும் சிரித்தான். புரோட்டாவுக்கு ஒப்பாரி வைக்கிற கூட்டம். இவர்களுக்கு வெட்ட வேண்டியது இரைப்பையை அல்ல.

"நீங்க பேசுனீங்களா மெல்வின்?"

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை பேசிப்போட்டேனுங்க மேடம்."

முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் பொய் சொன்னான். அவளும் ஆபரேஷனுக்குத் தயார் என்று கையெழுத்துப் போட்டாள். ஞாயிறு மாலை சேர வேண்டும், திங்கள் காலை ஆபரேஷன். "இந்த எடையோட நீங்க நாப்பதைத் தாண்டறது கஷ்டம்" என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தக் கட்டடத்தில் கேட்ட பேச்சிலேயே மெல்வின் நம்பியது அது ஒன்றைத்தான். அவனுக்கு முப்பத்து மூன்று.

நாற்காலிகளின் குரல் அவனுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி முதலில் கைப்பிடியில் முனகும். பிறகு பின்னங்கால்கள் மெல்ல விலகும். விலகுவது நின்றால் தாங்கும், நிற்காவிட்டால் நாலு பேர் ஓடிவருவார்கள். அதனால்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிய இரண்டு நாற்காலிகள். அவன் உட்காரும்போது அவை ஒன்றோடொன்று உரசி, ஈரத் தரையில் ரப்பர் செருப்பை இழுத்ததுபோல நீளமாக ஒரு சத்தம் போடும். அம்மா அற்புதம் நாற்பத்தெட்டு கிலோ. அவள் உட்கார்ந்தால் அந்தச் சத்தம் வராது.

சனிக்கிழமை பிற்பகல், அம்மா பங்குக் கோயிலின் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்த வேளையில், முன்னறையில் மோர் டம்ளரோடு அவன் உட்கார்ந்திருக்க, அந்தச் சத்தம் சாப்பாட்டு அறையிலிருந்து வந்தது.

வெயிலுக்கு பிளாஸ்டிக் விரியும். எட்டாம் வகுப்பு அறிவியல். விரியட்டும் என்று விட்டுவிட்டான். ஆனால் சத்தம் அடங்கிய பிறகு, திரைச்சீலைக்கு அப்பாலிருந்து, தொடை இடுக்கில் வேர்க்குருவுக்கு அவன் போடும் பவுடரின் வாசமும், அந்தப் பவுடரையும் மீறிக் கசியும் புளித்த வியர்வையும், பக்கத்து பேக்கரியிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நெருக்கத்தில் சூடான தேங்காய் பன்னின் வாசமும் சேர்ந்து மெதுவாக வந்து, அவன் மூக்கருகே நின்றன. எழுந்து போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. இரட்டை நாற்காலியின் பின்னங்கால்கள் மட்டும் அகன்று நின்றன. உட்காரும் இடத்தில் கை வைத்தான். கதகதப்பாக இருந்தது.

"மாசாணம் அண்ணன் அழுத அழுகை நம்மளையும் தொத்திக்கிச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

அன்றிரவு மாத்திரை போட்டுத் தூங்கினான். ஞாயிறு காலை அம்மா பூசைக்குப் போனதும் படுக்கையறை எடைக்கருவியில் ஏறி எடை பார்த்தான். வெள்ளிக்கிழமை நூற்று நாற்பத்தாறு. இப்போது நூற்றுப் பத்தொன்பது. மோர் குடித்து இரண்டு நாளில் இருபத்தேழு கிலோ குறைத்தவன் உலகத்திலேயே கிடையாது என்று பெருமைப்பட்டபடி கண்ணாடியைப் பார்த்தான். அதே தொந்தி. அதே மூன்று மடிப்பு. சட்டையின் நாலாவது பட்டன் அதே இழுவையில் இருந்தது.

சாப்பாட்டு அறையில் நாற்காலி உரசியது. கூடவே இன்னொன்று. வாயை மூடாமல் மெல்லும் சத்தம். ஐந்தாம் வகுப்பிலிருந்து அம்மா அதட்டியும் அவன் விடாத பழக்கம்.

திரும்ப எடைக்கருவியில் ஏறினான். எண்பத்து நாலு.

இறங்கினான். ஏறினான். நாற்பது.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை. பேசலாமா என்று தோன்றியது. நாற்காலியிடமா? அவனா? பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவைத் தாழிட்டான். வெளியே கண்ணாடி டம்ளர் வைக்கும் ஓசை. ஒரு ஏப்பம். அவனுடைய ஏப்பம்.

மணி நாலு. மின்விசிறிக் காற்றில் சட்டை ஆடியது. கூடவே அவனும் ஆடினான்.

ஏறினான். சுழியம்.

குதித்தான். சுழியம்.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. பூசை முடிந்து எப்போது வந்தாளோ. "ஏங்கண்ணு, இன்னைக்குக் கடைசி சூப்பு. குடிச்சுப்போடு. நேரமாச்சு."

தாழைத் திறந்து ஓடினான். தரையில் காலடி ஓசை இல்லை. அம்மா இரட்டை நாற்காலிக்கு முன்னால் நின்று, காலியான கிண்ணத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. நாற்காலிக்கு மேலே, அவன் நெற்றி வரக்கூடிய உயரத்தில், காற்றில் சிலுவை போட்டாள். "பயப்படாத சாமி. அம்மா வெளியவேதான் இருப்பேன்." காதைச் சாய்த்து எதையோ கேட்டுச் சிரித்தாள். "அட, நாற்காலிகிட்ட போயிட்டு வான்னு சொல்லிப்போட்டயா? நெசமாவா? நீயா?"

நாற்காலி நீளமாக உரசியது. அகன்றிருந்த கால்கள் ஒன்றுகூடின.

"அம்மா, நான் இங்க இருக்கறேன்."

அம்மா எதையோ அணைத்துப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தாள். அவளது இன்னொரு கையில் அவனுடைய ஆஸ்பத்திரிப் பை. வாசலில் கால் டாக்சி. பின்கதவு திறந்தது.

"பாத்து ஏறு கண்ணு. மெதுவா."

காரின் இடப்பக்கம் அமுங்கியது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. இரண்டு விரலாயிற்று. கார் ஒரு பக்கம் சாய்ந்தபடியே தெருமுனை திரும்பியது.

வீடு அமைதியாக இருந்தது. மெல்வின் உள்ளே வந்தான். இரட்டை நாற்காலியைப் பார்த்தான். எதிர்ப்புறம் இருந்த ஒற்றை நாற்காலியை இழுக்கப் போனான். அது நகரவில்லை. இருந்த இடத்திலேயே அதில் ஏறி உட்கார்ந்தான். முனகல் இல்லை. கால்கள் விலகவில்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். சத்தம் வரவில்லை. ஆனாலும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான்.

"ஏனுங்க… இத்தன வருசம் கூடவே இருந்தீங்க…"