இரண்டாவது தட்டு

"எறங்கு! மறுபடி ஏறு! நேரா நில்லு!"

காலையில் எழுந்தவுடன் வாய் கொப்பளிக்கக்கூட விடாமல், பெற்ற பெண்ணை எடை பார்க்கும் கருவியின்மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள் இளையவள். ஒன்பது வயதுக் குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறினாள். அம்மா அதட்டினால் முள் பயந்து இறங்கிவிடுமா என்ன? போன வாரத்தைவிடக் கூடுதலாகவே காட்டியது.

சமையலறையில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் மூத்தவள்.

அந்த வீட்டுக்கு மருமகள்கள் இரண்டு பேர். மூத்தவள் சமையலறைக்கு, இளையவள் பல்கலைக்கழகத்துக்கு. குழந்தைகள் ஏன் சின்ன வயதிலேயே இப்படிப் பருத்துப்போகிறார்கள், வீட்டில் யார் எப்படி ஊட்டுகிறார்கள் என்பதுதான் இளையவளின் ஆராய்ச்சி. பத்திரிகையில் படமெல்லாம் வந்துவிட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரத்தான் செய்தது, ஆனால் பக்கவாட்டில்!

"அக்கா, நேத்து ஸ்கூல்ல இவளை என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்கம்மா ஆராய்ச்சி பண்றது உன்னைத்தானா'ன்னு கேட்டாங்களாம்! என் மானமே போச்சு..."

"அதுங்க சின்னப் பசங்க... ஏதோ சொல்லிட்டுப் போகட்டும். நீ மனசுல வச்சுக்காதே."

"எப்படி வச்சுக்காம இருக்கறது? நாள் பூரா இவ உங்க கையிலதான இருக்கா? நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு ஊட்டறீங்க. ஊட்டி ஊட்டியே அவளை உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்க! உங்களுக்குன்னு ஒண்ணு இல்லைங்கறதுக்காக என் பொண்ணை..."

"ஏய், போதும்!" என்று எழுந்தான் அவள் கணவன். "அண்ணிகிட்ட என்ன பேச்சு இது?"

"ஏன் பேசக்கூடாது? வேற வீடு பார்த்தாச்சு. அடுத்த மாசம் தனியா போறோம். என் பொண்ணை நான் பார்த்துக்கறேன்!"

மூத்தவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலைத் துடைத்தாள். தனி வீடா? குட்டி இல்லாத இந்த வீட்டில் அவள் யாருக்காக எழுந்திருக்க வேண்டும்?

பொறாமை இல்லையா அவளுக்கு? ஏன் இல்லை! மூடி மறைப்பானேன்? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். குட்டி கைக்குழந்தையாக இருந்தபோது, "ஆராய்ச்சியைப் பாதியில விட்டா எல்லாம் வீணாயிடும்க்கா" என்று இளையவள் அழுதாள். "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லித் தன் வேலையை விட்டாள் இவள். குளிப்பாட்டியது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, எல்லாம் இந்தக் கைதான். வாசலில் கார் சத்தம் கேட்டதும் "அம்மா!" என்று அந்தக் கையை உதறிவிட்டுக் குட்டி ஓடுவாள். ஒவ்வொரு நாளும் இவளுக்கு வயிறு பற்றி எரியும்.

அன்றைக்கே இளையவள் அடுத்த ஏற்பாட்டையும் செய்துவிட்டாள். அவள் குழுவில் ஒரு பெண் இருந்தாள். குடும்பங்கள் சாப்பிடும்போது மூலையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. குழந்தை "போதும்" என்ற பிறகும் யாராவது "இன்னும் ஒரு வாய்" என்று திணித்தால், கையிலுள்ள சின்னக் கருவியை ஒரு தடவை அழுத்துவாள். அதில் எண்ணிக்கை ஏறும். தன் வீட்டில் தானே எண்ணக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் அந்தப் பெண்ணை வரவழைத்தாள்.

"அக்கா ஊட்டறப்போ நல்லா கவனி" என்று மூத்தவள் காதில் விழும்படியாகவே சொன்னாள்.

சொந்தச் சமையலறையில் திருடியைக் காவல் காப்பதுபோல் ஒருத்தி! மூத்தவள் அதையும் பொறுத்துக்கொண்டாள். வந்த பெண்ணுக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஒரு வாரம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தாள் இளையவள். "சொல்லும்மா. அக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அந்தப் பெண் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேடம்... தனியா சொல்லட்டுமா?"

"எல்லாருக்கும் கேக்கட்டும். சொல்லு."

"அவங்க ஊட்டறப்போ நான் இதை அழுத்தவே இல்லை மேடம். குட்டி போதும்னா அவங்க உடனே தட்டை எடுத்துடறாங்க. அப்புறம்... எட்டு மணிக்கு நீங்க வரீங்க."

"நான் வரேன். அதுக்கென்ன?"

"குட்டி ஏழு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுடறா. நீங்க வந்ததும் 'பசிக்குதும்மா, கொஞ்சம்தான் சாப்பிட்டேன்'னு சொல்றா. நீங்க ரெண்டாவது தட்டு வச்சு, பாதியில அவ போதும்னாலும் 'இன்னும் ஒரு வாய்'னு ஊட்டறீங்க. இதுல ஏறியிருக்கறது எல்லாம் அப்போ அழுத்தினதுதான் மேடம்."

வீட்டில் சாப்பிட்டதைப் பற்றி வாயால் சொல்வதை நம்பாதே, கண்ணால் பார் என்று மேடைக்கு மேடை பேசுகிறவள், தன் பெண் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே நம்பியிருக்கிறாள்!

"குட்டி... ஏன்டி பொய் சொன்னே?"

"சாப்பிடறப்போ மட்டும்தாம்மா நீ என் பக்கத்துல உக்கார்ற... தட்டு காலியானா எழுந்து போயிடுவ..." என்று விம்மினாள் குழந்தை.

இளையவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பழியைத் தூக்கித் தலையில போட்டேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நம்பியிருப்பியா? 'பொறாமையில பேசறா'ன்னுதான் சொல்லியிருப்பே. அது ஒண்ணும் பொய்யில்லையே! நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பார்த்தா எனக்கு உள்ள வெந்து போகும்டி. அதனாலதான் வாயைத் திறக்கல. அது தாய்க்கும் பொண்ணுக்கும் கிடைக்கிற அரை மணி நேரம். பொறாமைக்காரி நான் போய் அதைப் பிடுங்கினேன்னு இருக்கக் கூடாது..."

"ஐயோ அக்கா!" என்று அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள் இளையவள். "காய்ச்சல் வந்தா 'பெரியம்மா'ன்னுதான் முனகறா. பெத்தவ நான் பக்கத்துல மரம் மாதிரி நிப்பேன். எரிஞ்சது எனக்குத்தான்க்கா... அந்த எரிச்சல்லதான் அப்படிக் கேட்டேன். பிள்ளை இல்லைன்னு குத்திக் காட்டின வாயை நீங்க கிழிச்சிருக்கணும்!"

"கிழிச்சா நாளைக்கு மேடையில எப்படிப் பேசுவே?" என்றாள் மூத்தவள், அழுகைக்கு நடுவிலேயே. இளையவள் தலையை நிமிர்த்தி அவளைக் கட்டிக்கொண்டாள். "தனி வீடு வேண்டாம்க்கா. எங்களை விட்டுடாதீங்க."

"விடமாட்டேன். ஆனா ஒண்ணு. நாளையிலேருந்து ஆறு மணிக்கு நீ வந்துடணும். சாப்பாடு போட இல்ல, சும்மா உக்கார. அந்த நேரத்துல நான் வீட்ல இருக்க மாட்டேன். நான் இருந்தா நீ வேலைன்னு சாக்கு சொல்லிடுவே."

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே இளையவள் வந்து நின்றாள். மூத்தவள் தலை வாரி, வேறு துணி மாற்றி, செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா போறீங்க?"

"யாருக்குத் தெரியும்? தெருவுல இறங்கினப்புறம் யோசிச்சுக்கறேன்."

குட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வரேன் பெரியம்மா! அம்மா வேணாம், உன்கூடத்தான் வருவேன்!"

எத்தனை வருடமாக ஏங்கிய வார்த்தை! இளையவளின் முகம் சுருங்கியது. 'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், குட்டி தன்னுடையவள் என்று மூத்தவளுக்குத் தெரியும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

அவள் குனிந்து குழந்தையின் விரல்களைத் தன் கையிலிருந்து மெல்ல விலக்கினாள். அவற்றைக் கொண்டுபோய் இளையவளின் கையில் வைத்தாள்.

"இன்னைக்கு அம்மாகூட இரு கண்ணு. நான் வந்துடறேன்."

படியிறங்கித் தெருவில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. நெஞ்சில் அந்தப் பழைய எரிச்சல் கொஞ்சமும் குறையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதோடேயே அவள் நடந்தாள்.