யானைக்குழியில் மூட்டிப்பழம்

“பெண் மரம் கிடைக்காம வீடு திரும்பமாட்டேன் மைனி,” என்று சொல்லிவிட்டுத்தான் ஜெனிஷா காட்டுப்பாதையில் கால் வைத்தாள். பின்னால் அவள் அண்ணன் மனைவி சுகிர்தா. விளாத்திகுளத்துக் கரிசலிலிருந்து இந்தக் குமரி மலையடிவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

மூட்டிமரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. எப்போதும் பச்சையாக நிற்கும். பெண் மரத்தின் அடிமரத்திலேயே சிவப்புப் பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். காடு சுருங்கியதில் மரமும் அருகிப்போனது. ஊருக்கு அருகே மிஞ்சிய கடைசிப் பெண் மரத்தையும் போன வருடக் காற்று சாய்த்துவிட்டது. நாற்றங்கால் வைத்திருந்த இருவருக்கும் விதை வேண்டும்.

உச்சிப்பொழுதில் ஓடையோரம் மரம் அகப்பட்டது. கரடிக்கும் குரங்குக்கும் பாதியை விட்டுவிட்டுப் பையை நிரப்பினார்கள். திரும்பும்போது பையும் வெட்டுக்கத்தியுமாக முன்னால் போன சுகிர்தாவின் காலடியில் தரை விலகியது.

அந்தக் காலத்தில் யானை பிடிக்க வெட்டி, இப்போது செடிகொடி மூடிக் கிடந்த குழி. விழுந்த வேகத்தில் வலது கை முறிந்தது. சரிந்த மண் கத்தியை மூடிவிட்டது. தலைக்கு மேலே கையகல வானம்.

ஜெனிஷா காட்டுக்கொடியைப் பிய்த்து இறக்கினாள். சுகிர்தா ஒற்றைக் கையால் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். எவ்வளவு இழுத்தும் அவள் எழும்பவில்லை. விளிம்புதான் இடிந்து விழுந்தது. ஊருக்குப் போய் ஆள் கூட்டிவர மறுநாளாகிவிடும். அதுவரை சுவர் நிற்காது.

“நாக்கு வறளுது ஜெனி.”

“இருங்க மைனி. வெள்ளம் கொண்டு வாறேன்.”

இந்தப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். சுகிர்தா காத்திருந்தாள். நேரம் போனது. குரல் இல்லை. மண் முழங்கால்வரை சரிந்தது. ‘பயந்து ஓடிட்டாளோ’ என்று நினைத்ததும் அழுகை முட்டியது. காலை உருவி எடுப்பதற்குள் மேலேயிருந்து செம்மண் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஜெனிஷா மதியச் சோறு கொண்டுவந்த வாளியின் மூடியால் வாய்க்கால் தோண்டி, ஓடையையே திருப்பிவிட்டிருந்தாள்.

“நிறுத்துடி. எனக்கு நீச்சல் தெரியாது.”

“அது எனக்குத் தெரியும் மைனி. என்னால தூக்க முடியாது, வெள்ளம் தூக்கும். குடிக்கக் கொண்டுவந்த கேன் காலிதான், மூடிய இறுக்கிப் போடுறேன், அணைச்சுப் பிடிங்க. கொடி என் கையிலதான் இருக்கு.” அவள் விரல்களில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சுகிர்தா அதைப் பார்த்தாள். வந்து விழுந்த கேனை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இடுப்பு, மார்பு, கழுத்து. கால் தரையைத் தேடியது, தரை இல்லை. மூக்கில் சேறு ஏறியது. கேனை விடாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்ல மெல்ல மேலே வந்தாள். விளிம்பு எட்டியதும் ஜெனிஷா தலைமுடியைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டாள். கழுத்தில் மாட்டிய பழப்பையும் கூடவே வந்தது.

நன்றாக இருட்டிய பிறகுதான் ஊர் சேர்ந்தார்கள். சேறும் ரத்தமுமாக இருவரையும் கண்டு தெருவே கூடியது. முறிந்த கைக்கு மட்டை வைத்துக் கட்டும்போதே ஜெனிஷா எல்லாருக்கும் பழம் பிதுக்கிக் கொடுத்தாள்.

“சதையத் தின்னுங்க, கொட்டையத் துப்பிராதீங்க. மைனிகிட்ட குடுங்க.”

சுகிர்தா இடது கையை நீட்டினாள். குழந்தைகள் முதல் பெரியவர்கள்வரை ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையில் விதையை வைத்துவிட்டுப் போனார்கள். கை நிறைந்தபோது, ஜெனிஷா தன் கையையும் அதன் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.